முந்நூற்றுப் பன்னிரண்டு உடம்புகள்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு என் கம்ப்யூட்டர் கண் திறக்க மறுத்தது. ஒன்பது இருபதுக்கெல்லாம் அதைக் கெடுத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஐந்து நிமிடம் எனக்கு அதிகம். சாதாரணமாக எனக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

வேறு யார், என் நாத்தனார்தான். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பதினோரு வருடமாக ஒரே அறையில் என் மெஷினுக்கு எதிர் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவள். அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பல்வலி. காலையில் எனக்கு முன்பே வந்து கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, தையல் பையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, "அண்ணி, பல்லைப் புடுங்கிட்டு வந்துடறேன், தாங்க முடியல" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பதினோரு வருடம் வராத பல்வலி கம்ப்யூட்டர் செத்த அன்றைக்குத்தான் வர வேண்டுமா? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

திரையில் ஒரு வட்டம் சுற்றும். "சரிசெய்யத் தயாராகிறது" என்று வரும். பிறகு கறுப்பு. பிறகு மறுபடி அதே வட்டம். நானும் விடாமல் அணைத்து அணைத்துப் போட்டேன். பதினேழு முறை. எண்ணினேன். எதையும் எண்ணிவைப்பது என் பழக்கம்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் என் பதற்றம் புரியும். கடையில் தொங்கும் சட்டை பொருந்தாதவர்களுக்குத் தைப்பது எங்கள் தொழில். ஒரு தோள் இறங்கியவர்கள், முதுகுக்குப் பட்டை கட்டியவர்கள், ஒரு கை முழங்கையோடு நின்றுபோனவர்கள், நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். முதலில் தைத்தது என் நாத்தனாருக்குத்தான். அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் கொதிநீர்க் குழாய் வெடித்து, கழுத்திலிருந்து இடுப்புவரை இடது பக்கம் வெந்துவிட்டது. ஆறிய பிறகும் எந்தச் சட்டையைப் போட்டாலும் தையல் விளிம்பு தோலை அறுக்கும். நான் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, தையலெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்த நர்ஸ் இன்னொருவரை அனுப்பினாள். அவர் இன்னொருவரை அனுப்பினார்.

அப்படி வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் பிடிக்காது: அளக்க நிற்பது. டாக்டர் பார்த்தாயிற்று, நர்ஸ் பார்த்தாயிற்று, இனி தையல்காரியும் பார்க்க வேண்டுமா என்று அந்த முகத்தில் எழுதியிருக்கும். அதனால் முதல் நாளே நான் ஒரு வாக்குக் கொடுப்பேன். "ஒரே ஒரு தடவைதான். வாழ்நாளுக்கும் மறுபடி அளக்க மாட்டேன்." கதவைப் பூட்டி, திரையை இழுத்து, கண்ணாடியைத் திருப்பிவைத்து, நாற்பத்தாறு இடத்தில் அளப்பேன். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். சீட்டில் குறித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தச் சீட்டை அவர்கள் எதிரிலேயே கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன். அதற்கப்புறம் எத்தனை வருடம் கழித்து வந்தாலும், "என்ன கலர் வேணும்?" என்பதைத் தவிர வேறு கேள்வி கிடையாது. சிலர் அந்த இடத்திலேயே அழுதிருக்கிறார்கள்.

ஆக, முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய அளவும் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. காகிதத்தில் கிடையாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இணையமும் கொடுக்கவில்லை. ஊரான் உடம்பை ஊருக்கே காட்டவா? அது போனால் என் வாக்குப் போயிற்று. ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, மறுபடி வந்து நில்லுங்கள் என்று நான் சொல்ல வேண்டும்.

நாத்தனார்மேல் எனக்குச் சந்தேகம் சும்மா வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் துணி வாங்கப் போனவள், பட்டியலை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். அவள் என் நாற்காலியில், என் கம்ப்யூட்டர் முன்னால். என்னைக் கண்டதும் அதிலிருந்து சிவப்பாக எதையோ பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. மணி பாத்தேன்."

மணி பார்க்க. தலைக்கு மேலே சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கடிகாரம் தொங்குகிறது.

அதற்குச் சில வாரம் முன்புதான் மெயின் ரோட்டில் மூன்று மாடித் துணிக்கடைக்காரர்கள் இந்த மாதிரி உடம்புகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கப்போவதாகச் செய்தி வந்தது. அங்கிருந்து ஒரு அம்மாள் 'சும்மா பார்க்க' வந்தாள். சிரித்தாள், சுற்றிப் பார்த்தாள், போகும்போது தன் விலாசச் சீட்டை என் நாத்தனாரிடம் கொடுத்தாள். என்னிடம் இல்லை. அன்றிலிருந்து இவளுக்குப் போன் வந்தால் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுகிறாள். அங்கே குசுகுசு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பஸ்ஸுக்கு எஞ்சின் பார்க்கிறவர். சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வார், ஆனால் சொந்தத் தங்கையின் விஷயத்தில் காது கேட்காது. "உனக்கு உன் நிழலைப் பாத்தாலே போலீஸைக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது கணக்குச் சரியாக வந்தது. எல்லாவற்றையும் காப்பி எடுத்தாள், எடுத்து முடித்ததும் மூலத்தைக் கெடுத்தாள், பல்வலி என்று கிளம்பினாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

நாலு கடை தள்ளிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவருக்குப் போன் போட்டேன். எங்கள் தெருவில் அவருக்குத் தூசியார் என்று பெயர். எந்தப் பெட்டியைக் கொண்டுபோனாலும் முதலில் மூடியைக் கழற்றித் தூசியை ஊதுவார். பாதிப் பெட்டிகள் அதிலேயே சரியாகிவிடும் என்பது அவர் கட்சி.

"கொண்டாங்க தங்கச்சி, பாத்துடலாம்."

"பெட்டி கடையை விட்டு வெளிய வராது."

"சரி, நான் ஒரு ரெக்கவரி பென் டிரைவ் போட்டுத் தரேன். அதைச் சொருகி ஆன் பண்ணா, செத்த கம்ப்யூட்டருக்குப் பதிலா அதுலேர்ந்து உசுர் வரும். அப்பறம் ரிப்பேர் பண்ணிக்கலாம்."

"உங்க பென் டிரைவ்ல எத்தனை பேரோட வைரஸ் இருக்கோ. எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அவருக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். பொறுமையாகச் சொன்னார். நல்லபடி ஓடுகிற வேறொரு கம்ப்யூட்டர் வேண்டும். அதில் இணையத்தில் இன்ன பக்கத்துக்குப் போய், ரெக்கவரி தயாரிக்கிற கருவியை இறக்க வேண்டும். எட்டு ஜி.பி.க்குக் குறையாத ஒரு பென் டிரைவ் வேண்டும்.

"காலி டிரைவா எடுங்க. உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சு போயிடும். திரும்ப வராது. நல்லாப் பாத்துக்குங்க."

"ம்."

"இன்னொண்ணு. பெட்டிக்குள்ள டக் டக்னு ஏதாவது சத்தம் வருதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். காதை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

வேறு கம்ப்யூட்டருக்குப் பஞ்சமில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு, அங்கே வீட்டுக்காரருடைய லேப்டாப் இருக்கிறது. பென் டிரைவ்தான் இல்லை. அந்த ஜாதிப் பொருளே இந்த வாசலுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான். கடைக்குப் போய் வாங்கலாம் என்று செருப்பில் கால் வைத்தேன். கால் அங்கேயே நின்றது. நாற்காலி முதுகில் அவள் பை தொங்கிக்கொண்டிருந்தது.

பிறத்தியார் பையைத் திறப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் திறந்தேன். மேலே மார்க் போடும் சாக், விரலுறை, குண்டூசி டப்பா. அதற்குக் கீழே தழும்புக்குப் போடும் களிம்பு. உள்ளே ஜிப் வைத்த சின்ன அறை. அதற்குள் சிவப்புப் பென் டிரைவ்.

அதை லேப்டாப்பில் சொருக நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அன்றைக்கு யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'கடை' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் சனிக்கிழமைச் சனிக்கிழமையாகத் தேதி போட்டு எட்டு ஃபோல்டர்கள். கடைசியைத் திறந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் நான் வைத்த பெயர். நான் அளந்த தோள்கள், நான் அளந்த முதுகுகள்.

கோபம் வந்தது, வரத்தானே செய்யும். ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இத்தனை நாள் 'உனக்குச் சந்தேகப் புத்தி' என்ற வீட்டுக்காரர் முகத்தில் இதைத் தூக்கிப் போடலாம். ஒரு திருடி ஒரே வீட்டில் ஒரே பொருளை எட்டு முறை திருடுவாளா என்று கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்தக் கேள்வி எனக்கு அன்று சாயங்காலம்தான் தோன்றியது.

அப்போது தோன்றியது வேறு. ரெக்கவரி போட ஒரு பென் டிரைவ் வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழியும் என்றாரே தூசியார். இதோ பென் டிரைவ். திருடிய காப்பி அழியட்டும், அதே டிரைவால் என் மூலம் பிழைக்கட்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மூன்று மாடிக்காரி வெறுங்கையோடு நிற்பாள்.

கருவி ஒரு சின்னப் பெட்டியைத் திரையில் காட்டிக் கேட்டது: இந்த டிரைவில் உள்ள எல்லாம் அழிக்கப்படும். தொடரலாமா?

"தாராளமா" என்று வாய்விட்டுச் சொல்லி அமுக்கினேன்.

அது நிரம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க நாத்தனாரிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் சிரித்துக்கொண்டே கேட்பது. அப்புறம் மெதுவாகப் பிடியை இறுக்குவது. 'உனக்கு முதல் சட்டை தைச்சுக் குடுத்தது யாரு?' என்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். எழுபது சதவீதத்தில் அவள் அழுதாள். தொண்ணூறில் காலில் விழுந்தாள். நூறு வந்தபோது நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தும் விட்டேன்.

பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் சொருகி, தூசியாரை மறுபடி போனில் பிடித்தேன். அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். ஆன் செய்ததும் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீலத் திரை வந்தது. எனக்கு உயிரே வந்தது.

"நடுவுல பெருசா 'நிறுவு'ன்னு வரும், அதைத் தொட்டுடாதீங்க. கீழ மூலைல சின்னதா 'ரிப்பேர்'னு இருக்கும், அது."

அமுக்கினேன். சுற்றியது. ரிப்பேர் செய்ய முடியவில்லை என்றது. அவர் இன்னொரு வழி சொன்னார். கறுப்புத் திரையில் அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னதைத் தட்டினேன்.

"எத்தனை டிஸ்க் காட்டுது?"

"ஒண்ணு."

"எவ்வளவு ஜி.பி.?"

"பதினாலு."

"அது பென் டிரைவ், தங்கச்சி. உங்க டிஸ்க் எங்க?"

இரண்டு நிமிடத்தில் ஓடி வந்தார். வந்தவர் தூசியை ஊதவில்லை. மண்டிபோட்டுப் பெட்டியில் காதை வைத்தார். "கேளுங்க" என்றார். நானும் குனிந்து காதை வைத்தேன். டக். டக். நாக்கால் உச்சுக் கொட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

"டிஸ்க்கே போயிடுச்சு. உள்ள சுத்தற தட்டை முள்ளு கீறுது. இதுக்கு எந்த ரெக்கவரியும் உதவாது. காலைலேர்ந்து எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

நான் எண்ணைச் சொல்லவில்லை.

"திடீர்னு வந்திருக்காது. ரெண்டு மூணு மாசமாவே சத்தம் போட்டிருக்கும். யாருமே கவனிக்கலையா?"

கவனித்திருந்தாள். இரண்டு மாதம் முன்பு, "அண்ணி, இது என்னமோ உச்சுக் கொட்டுது, ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாமா?" என்றாள். "நீ தொடாம இருந்தா அது சத்தம் போடாது" என்று சொன்னேன். நான் சொன்ன வார்த்தை, என் குரலில், அப்படியே காதுக்கு வந்தது.

தூசியார் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "பரவால்ல. வேற எங்கயாவது காப்பி வெச்சிருப்பீங்கல்ல?"

கம்ப்யூட்டரின் முகப்பில் சொருகியபடி சிவப்பாக அது நின்றுகொண்டிருந்தது.

"இருந்துச்சு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். கன்னம் பந்து மாதிரி வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. பல்வலி நிஜம்தான். வாய் கோணியிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்தாள், தூசியாரைப் பார்த்தாள், திறந்துகிடந்த பெட்டியைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். தப்பு என் பக்கம் என்று தெரிந்த பிறகு என் குரல் இன்னும் உயரும். அது என் பிறவிக் குணம்.

"எதுக்குத் திருட்டுத்தனமா காப்பி எடுத்த? எங்கிட்ட சொல்லிட்டு எடுக்கறதுக்கு என்ன?"

அவள் பதில் சொல்ல முடியாமல் கையை ஆட்டினாள். அப்போதுதான் அந்தச் சிவப்பைப் பார்த்தாள். அவள் முகம் தளர்ந்தது. மரத்துப்போன வாயோடு ஒரு பக்கமாகச் சிரித்தாள். வெட்டு மேசையில் விரித்திருந்த கறுப்புத் துணியின் ஓரத்தில், சாக்கை எடுத்து எழுதினாள்: 'நல்லவேளை. எல்லாம் அதுல இருக்கு.'

தூசியார் தன் செருப்பைப் பார்த்தார்.

"அதுல ஒண்ணும் இல்ல. அழிச்சுட்டேன். ரெக்கவரி போடறதுக்கு" என்றேன்.

அவள் சாக்கைப் பிடித்தபடி நின்றாள். பிறகு எழுதினாள்: 'தெரியாமலா?'

ஒரே வார்த்தை. ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்தது யாருக்கும் தெரியாது. லேப்டாப்புக்கு வாய் இல்லை. தூசியார்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஐயோ பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று வீட்டுக்காரரும் சொல்வார். பொய் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் என்னைச் சந்தேகமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லுங்கள், நான் நம்பிக்கொள்கிறேன் என்கிற மாதிரி. என்னால் முடியவில்லை.

"தெரிஞ்சுதான்" என்றேன். "திறந்து பாத்தேன். நீ திருடிட்டன்னு நெனச்சேன். பாத்துட்டுத்தான் அழிச்சேன்."

சாக்கை மேசையில் வைத்தாள். நாற்காலியிலிருந்து பையை எடுத்தாள், ஜிப் திறந்துகிடப்பதைப் பார்த்தாள், மூடினாள், போய்விட்டாள். கதவைக்கூட அறையவில்லை, சாத்திவிட்டுத்தான் போனாள்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தங்கை சொல்லியிருப்பாள் போல. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டி ஆறியிருப்பேன். அவர் திட்டவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. மூன்று மாடிக்குத்தான் போயிருப்பாள் என்று மனசு சொன்னது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மத்தியானம் அந்தப் பக்கமாக நடந்துபோய், கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பார்த்தேன். அவள் அங்கே இல்லை. திரும்பி வந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் நினைவில் இருக்கிறார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். தொண்ணூறு பெயர் வந்தது. நாத்தனாருடையதைத் தவிர எண் ஒன்றுகூட வரவில்லை. விரல் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போன எண்கள் என் தலைக்குள் தங்கவே இல்லை.

புதன்கிழமை காலை வழக்கம்போல எனக்கு முன்பே வந்து கடையைத் திறந்திருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. தூசியாரும் இருந்தார். சிவப்பு டிரைவைத் திங்கட்கிழமையே அவர் எடுத்துப் போயிருந்தார். அழித்ததற்கு மேல் ரெக்கவரி கொஞ்சம் இடத்தில்தான் எழுதியிருக்கும், மிச்ச இடத்தில் பழையதன் தடம் இருக்கலாம் என்று இரண்டு நாள் தோண்டியிருக்கிறார்.

"அம்பத்தெட்டு கெடச்சுது" என்றார். "ஆனா ஒண்ணுலயும் பேர் இல்ல. வெறும் எண்தான்."

நாத்தனார் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். வலது கால் இரண்டரை அங்குலம் குறைவு. "இது ரொட்டிக் கடைக்காரர்." முதுகு நடுவில் மூன்று விரற்கடை புடைப்பு. "லைப்ரரி அக்கா." இடது கை பதினொன்றோடு நிற்கிறது. "அந்த டிரைவரோட மக. கை மடிக்காம தைக்கச் சொல்லுவாளே." நான் அளந்தவள். அவள் தைத்தவள். எண்ணைப் பார்த்து ஆளைச் சொல்ல அவளால் முடிந்தது. நான் பெயரை எழுதிக்கொண்டே வந்தேன். ஐம்பத்தெட்டில் நாற்பத்தொன்பதை அடையாளம் சொன்னாள்.

நடுவில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த மூணு மாடிக்காரி…"

"வர மாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டேன் அண்ணி. விடாம கூப்பிடறாங்க. உங்க எதிர்ல பேசினா நீங்க என்ன நெனப்பீங்கன்னுதான் படிக்குப் போனேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "போறதா இருந்தா சொல்லிட்டுப் போவேன்."

தூசியார் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். மேசைமேல் நாற்பத்தொன்பது பெயர். மிச்சம் இருநூற்று அறுபத்து மூன்று பேருக்கு, பழைய ரசீதுகளில் நம்பரைத் தேடி, நான் போன் செய்ய வேண்டும். வந்து நில்லுங்கள், மறுபடி அளக்க வேண்டும், என் வாக்கை நானே அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுத்தேன். முதல் எண்ணைத் தட்டினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். இரண்டு முறை அப்படியே.

அவள் எழுந்துபோய்க் கதவைப் பூட்டினாள். திரையை இழுத்தாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"முதல்ல என்னை அளங்க. என்னுதும் அதுல வரல."

"உன் அளவு எனக்கு மனப்பாடம்" என்றேன். அது உண்மை. மற்ற யாருடையதும் இல்லாவிட்டாலும் அவளுடையது எனக்குத் தெரியும். முதலில் அளந்த உடம்பு. "இடது தோள் நுனிலேர்ந்து இடுப்பு வரைக்கும் பதினஞ்சரை."

"இருந்தாலும் அளங்க."

சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நான் தைத்த சட்டை. அதன் இடது பக்கத் தையலைப் பார்த்தேன். அது என் மெஷின் தையல் இல்லை. என் தையல் முழுக்கப் பிரிக்கப்பட்டு, அளவைக் குறைத்து, கையால் பொடிப் பொடியாக மறுபடி போடப்பட்டிருந்தது. தோளில் டேப்பை வைத்து இறக்கினேன். வெந்த தோல் வருடா வருடம் சுருங்கித் தோளைக் கீழே இழுத்திருந்தது. டேப் பதினாலே காலில் நின்றது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நாலு வருஷம் இருக்கும்."

"நாலு வருஷமா நான் தைச்சுக் குடுத்ததையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுக்கிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன் அண்ணி." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்கதான், 'நான் அளந்தது எப்படித் தப்பாகும், நீ நேரா நில்லு'ன்னு சொன்னீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. ஆனால் அது நான் பேசுகிற பேச்சுதான். சந்தேகப்படவே முடியாதபடி என் பேச்சு.

கண்ணில் தண்ணீர் முட்டி டேப்பின் கோடு மங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி அவள் தோளில் வைத்தேன். இடுப்புவரை இழுத்து, அந்த முனையை அவள் விரலில் கொடுத்து, எத்தனை என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"பதினாலே கால்" என்றாள்.